மரக்காலுக்குள் மறையாத விளக்கு: வன்னியில் விசுவாசத்தை வெளிச்சமாக வாழ்வது எப்படி?

மலைப்பிரசங்கத்தில் இயேசு விளக்கைப் பற்றிச் சொன்ன வசனத்தை நம்மில் பலர் ஞாயிறு பாடசாலையிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். "விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல், விளக்குத்தண்டின்மேல் வைப்பார்கள், அப்பொழுது அது வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் கொடுக்கும்" என்பது மத்தேயு 5:15. கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பிலும் இவ்விடத்தில் மரக்கால் என்ற சொல்லே வருகிறது. நெல் விளையும் மண்ணில் பிறந்த நமக்கு அது ஏதோ ஒரு பாத்திரம் அல்ல. கொடுக்கல் வாங்கலின் அளவுகோல் அது. விளக்கை மறைக்கக்கூடிய பொருளாக இயேசு இங்கே தானியம் அளக்கும் மரக்காலையே எடுத்துச் சொன்னதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், நம்முடைய விசுவாசத்தின் வெளிச்சம் பெரும்பாலும் ஆலயத்திலே அணைவதில்லை, களத்திலும் கடையிலும் வாய்க்கால் ஓரத்திலுமே மூடப்படுகிறது என்று எனக்குத் தோன்றும்.

வெளிச்சமாக இருப்பதென்றால் ஒலிபெருக்கி கட்டிப் பிரசங்கிப்பதும், வீதியோரத்தில் வசனப் பலகை நடுவதும்தான் என்று சிலர் எண்ணுகிறார்கள். சாட்சி சொல்வதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் அடுத்த வசனத்தில் இயேசு, மனுஷர் உங்கள் "நற்கிரியைகளைக் கண்டு" உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி என்றுதான் சொல்கிறார். அவர்கள் காண்பது கிரியையை, மகிமை போய்ச் சேருவது பிதாவுக்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, வன்னியில் நாளாந்த வாழ்க்கையில் இதை எப்படிச் செய்வது என்று என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எண்ணெயும் திரியும்

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னைப்போல் அருமையாகிவிட்ட காலத்தில், எங்கள் வீடுகளில் சிக்கன விளக்கு எரிந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதில் இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியால் தாங்கி நிறுத்துவார்கள். என் அம்மா ஒவ்வொரு நாளும் பொழுது சாய முன்னர், அந்தப் போத்தலின் உட்புறத்தில் படிந்த கரியைச் சாம்பலாலும் பழந்துணியாலும் துடைத்துவிட்டே திரியைக் கொளுத்துவார். படிப்பதற்கு வெளிச்சம் போதவில்லை என்று நாங்கள் திரியை உயர்த்தினால், சுடர் பெரிதாகும், ஆனால் புகை எழும்பிச் சிறிது நேரத்தில் போத்தல் கறுத்து, முன்பிருந்த வெளிச்சமும் போய்விடும். திரியைத் தாழ்த்தி, கண்ணாடியைத் துடைத்து வைத்தால், அந்தச் சொற்ப எண்ணெயில் பாடமும் முடியும், சமையலும் முடியும்.

ஜெபமும் வேதவாசிப்பும் அவ்வாறே. ஒரு கிழமை முழுவதும் வேதாகமத்தைத் திறக்காமல் இருந்துவிட்டு, முழு இரவு ஜெபக் கூட்டத்தில் உரத்த சத்தத்தோடு அழுவதைவிட, காலையில் மாட்டை அவிழ்க்கவோ தேநீர் வைக்கவோ எழும்பும் முன்னர் பத்து நிமிடம் அமர்ந்து, ஒரு சிறு பகுதியை வாசித்து, அன்றைக்குச் சந்திக்கப்போகும் மூன்று மனிதரின் பெயரைச் சொல்லி ஜெபிப்பது மேல். பெயர் சொல்லி ஜெபித்த மனிதரைப் பகலில் காணும்போது, நம்முடைய குரல் தானாகவே தணிந்திருப்பதை நீங்கள் உணர்வீர்கள். மாலையில் கரி துடைப்பதும் வேண்டும். அன்றைக்கு யாரிடம் சுடுசொல் பேசினோம், எங்கே பொய் சொன்னோம் என்று இரண்டு நிமிடம் நினைத்துப் பார்த்து, தேவனிடம் அறிக்கையிட்டுவிட்டுப் படுங்கள்.

முதலில் வீட்டுக்கு

விளக்கின் வெளிச்சம் முதலில் "வீட்டிலுள்ள யாவருக்கும்" என்றுதான் வசனம் சொல்கிறது. ஊருக்கு என்று சொல்லவில்லை. சபையில் சாட்சி சொல்லும் தகப்பன் வீட்டில் கையோங்குவாரானால், அந்தப் பிள்ளைகளுக்கு இருட்டு இரட்டிப்பாகும். கசிப்பு என்னும் கள்ளச்சாராயமும் கடனும் பல குடும்பங்களை அரித்துக்கொண்டிருக்கும் நம் கிராமங்களில், குடிக்காத கைகளும், மனைவியிடம் மறைக்காத வரவு செலவும், பிழை விட்டபோது பிள்ளையிடமே "மன்னித்துக்கொள் மகன்" என்று சொல்லக்கூடிய நாவும் அயலவர் கண்ணில் படாமல் போகா. வேலியும் படலையும் வைத்திருக்கிறோம் என்றாலும், வன்னியில் ஒரு வீட்டின் சத்தம் மறு வீட்டுக்குக் கேட்காமல் இருப்பதில்லை.

வயலிலும் சந்தையிலும்

இரணைமடுக் குளத்தின் கீழும், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களின் கீழும் கமம் செய்கிறவர்களுக்குக் கோடையில் விதைக்கும் சிறுபோகத்து நீர்ப்பங்கீடு எவ்வளவு பெரிய சோதனை என்று தெரியும். குளத்து நீர் எல்லாக் காணிக்கும் போதாது. இன்னின்னார் இவ்வளவு காணி விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்து, வாய்க்காலில் முறைவைத்து நீர் விடுவார்கள். நடுச்சாமத்தில், அயலவனுடைய முறையில், அவன் மடையை அடைத்து என் மடையைத் திறக்க ஒரு மண்வெட்டி மண் போதும். யாரும் பார்க்கப்போவதில்லை. "பொல்லாங்கு செய்கிற எவனும் ஒளியைப் பகைக்கிறான்" என்று யோவான் 3:20இல் வாசிக்கிறோம். அந்த வசனத்துக்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆகவே கமக்காரராக இருக்கும் விசுவாசி முதலில் செய்யவேண்டியது, தன் முறை முடிந்ததும், வயல் நிரம்பவில்லையென்றாலும், மடையை அடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுச் சொல்வது. தண்ணீர் குறைந்த ஆண்டில் வாய்க்காலின் வால் பகுதியில் இருப்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கூட்டத்தில் எழுந்து கேட்பது அடுத்தது. கேட்பவருடைய காணி வாய்க்காலின் தலைப்பில் இருக்குமானால், அந்தக் கேள்விக்கு இன்னும் நிறை அதிகம்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு நியாயப்பிரமாணம் நேரடியாகவே சொல்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் இறுதியில் தராசும், நிறைகல்லும், மரக்காலும், படியும் சரியானவையாக இருக்கவேண்டும் என்று கட்டளையிருக்கிறது. மாரிகாலத்துக் காலபோக அறுவடை முடிந்து நெல் விலை விழும் நேரத்தில், ஈரப்பதன் என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பது எவ்வளவுக்கு நியாயம், எவ்வளவுக்குக் களவு என்பது கழிப்பவருக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் நெல் வாங்குபவரானால், விற்பவரின் கண்முன்னே நிறுத்து, கழிவை எழுதிக் கொடுங்கள். விற்பவரானால், காய்ந்த நெல்லின் கீழே ஈர நெல்லை வைத்துக் கட்டாதீர்கள். கூலிக்கு வருகிறவரின் சம்பளத்தை அன்று பொழுது படும் முன்னர் கொடுத்துவிடுங்கள்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். போருக்குப் பின்னர் நுண்கடன் வாங்கி, கிழமைக்கிழமை தவணை கட்ட முடியாமல் இன்னொரு கடன் வாங்கிய பெண்களை நம் கிராமங்கள் எல்லாவற்றிலும் காணலாம். சபையின் மாதர் ஐக்கியத்தில் பத்துப் பேர் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தாலே, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ வட்டியில்லாமல் கொடுத்து வாங்க ஒரு சுழல்நிதி உண்டாகிவிடும். கணக்கை இருவர் எழுதட்டும். கடன் கொடுக்கும்போது எந்த மதம் என்று கேட்கவேண்டாம்.

துக்க வீட்டில்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 2004 கடல்கோளையும் 2009 போரின் முடிவையும் கண்ட முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் துக்கமில்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பது அரிது. செத்த வீட்டுக்கு விசுவாசி முதல் ஆளாகப் போகவேண்டும், கடைசி ஆளாகத் திரும்பவேண்டும். பந்தல் போடுவதிலும், தேநீர் ஆற்றுவதிலும், தூரத்து உறவினருக்குச் செய்தி சொல்வதிலும் கைகொடுங்கள். எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் முடிந்து கதிரைகள் திரும்பிப் போன பின்னர் வரும் கிழமையில்தான் வீடு உண்மையில் வெறுமையாகும். அந்தக் கிழமையில் ஒரு நாள் சாப்பாடு கொண்டு போங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய அவர்களின் போராட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். அந்தத் தாய்மாரில் பலர் விடை அறியாமலே கண் மூடிவிட்டார்கள். மகனைத் தேடும் தாயிடம் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது ஆறுதல் அல்ல, அவருடைய வாயை மூடுவது. யோபுவின் சிநேகிதர் அவனோடு ஏழு நாள் தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். வாய் திறந்த பின்னர்தான் பிழை விட்டார்கள். நீங்களும் அருகே அமருங்கள். மகனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், படத்தைக் காட்டினால் கையில் வாங்கிப் பாருங்கள், அவன் என்ன படித்தான், எந்தக் கறியை விரும்பிச் சாப்பிடுவான் என்று கேளுங்கள். அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் கூடவே போய் வரிசையில் நில்லுங்கள். அவர் கேட்டால் மட்டும் ஜெபியுங்கள், கேட்காவிட்டால் வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள்.

நிபந்தனை இல்லாமல்

நிவாரணப் பொதியோடு துண்டுப்பிரசுரத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பசித்தவனுக்கு அரிசி கொடுத்துவிட்டுப் பதிலுக்கு அவன் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பது, இயேசு செய்யாத காரியம். பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கியபோது ஒன்பது பேர் திரும்பி வரவேயில்லை, அவர்களுடைய சுகத்தை அவர் திருப்பி எடுக்கவில்லை. நம் அயலில் மதமாற்றத்தைக் குறித்த மனக்கசப்பு எழுந்த இடங்களில், அந்தக் கசப்பில் ஒரு பங்கு நம்மவர்களின் அவசரத்தினால் வந்ததென்பதை ஒத்துக்கொள்வதே நேர்மை. 1 பேதுரு 3:15, நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற" யாவருக்கும் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேட்கும்படி வாழுங்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இதற்கு நல்ல முன்மாதிரி. ஒல்லாந்தர் கத்தோலிக்க விசுவாசத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர் அவர். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவர் அங்கேயே தங்கி, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்துக் கழுவித் துடைத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று மாலையே நம் மடு அன்னையின் திருத்தலத்துக்கு வந்தார். அந்த மடுவுக்கு ஆவணித் திருவிழாவில் சைவர்களும் வருகிறார்கள், சிங்களவர்களும் வருகிறார்கள். அதை நினைத்து, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் அடியார்களுக்கு உங்கள் படலையில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இரண்டு குவளையும் வையுங்கள்.

1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே வாழ்கிறார்கள். காணி உறுதி இல்லாமலும், வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக் காணியிலும் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு குவளையில் தேநீர் கொடுக்கும் வீட்டில், சிலுவைப் படம் எவ்வளவு பெரிதாகத் தொங்கினாலும் வெளிச்சம் இல்லை. கலியாணப் பேச்சிலும், சபை நிருவாகத் தெரிவிலும் சாதியும் ஊரும் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் இதில் சமரசம் பேச மாட்டேன்.

கண்ணாடி கறுத்தால்

இவற்றையெல்லாம் எழுதுகிற நான் தவறாதவன் அல்லேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறுபோகத்தில், கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் நெல் வாடி நின்றபோது, பக்கத்து வயல் ஐயாவின் முறையில், இரவு இரண்டு மணியளவில் நான் அவருடைய மடையை அடைத்து என் மடையைத் திறந்தேன். அவர் சைவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்காதவர். அறுவடையில் அவருக்கு விளைச்சல் குறைந்தது. ஞாயிறுதோறும் நற்கருணைக்குப் போகும்போது, காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:24 என்னைக் குத்திக்கொண்டேயிருந்தது.

தவறியவர் செய்யவேண்டியது இதுதான்: தேவனிடம் அறிக்கையிடுவதோடு நிறுத்தாமல், இழந்தவரிடமே போய், காரணம் அடுக்காமல், செய்ததைச் செய்தபடியே சொல்லி, இழப்பைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆயக்காரனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்னான். நான் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தில் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு போய், ஐயாவின் முற்றத்தில் நின்று சொன்னேன். அவர் திண்ணையிலிருந்து எழும்பவில்லை.

"தம்பி, எனக்கு அண்டைக்கே தெரியும். வரம்பிலை உன்ரை காலடி கிடந்தது. நீயாய் வாறாயோ எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு ஒரு மூட்டையை மட்டும் இறக்கச் சொல்லி, மற்றதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த சிறுபோகத்தில், முழங்கால் வருத்தத்தினால் அவர் வயலுக்கு வரமுடியாத ஓர் இரவில் அவருடைய முறை வந்தது. பேரனிடம் மண்வெட்டியைக் கொடுத்து, தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடும்படி என்னிடம் அனுப்பியிருந்தார்.