முதல் மீன் மாட்டியதும் மற்ற மீன்கள் எங்கே போகின்றன? தூண்டில் போடப் புதிதாக வருபவர்களுக்கு

இரண்டு வருஷமாக எனக்கு ஒரே கதைதான். விடியக் காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் கையளவு கெண்டை ஒன்று மாட்டும், அப்புறம் வெயில் உச்சிக்கு வரும்வரை தக்கை அசையாது. மாவை மாற்றினேன், முள்ளை மாற்றினேன், இடத்தைக்கூட நாலடி தள்ளிப் பார்த்தேன். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகப் பறியை நிரப்பிக்கொண்டிருப்பார். தப்பு மாவில் இல்லை, முதல் மீனை நான் நடத்திய விதத்தில் இருந்தது என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

தக்கை கட்டுவது, முள் கோர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நேரே விஷயத்துக்குப் போகலாம்.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள்

ஒரு நாள் தூண்டிலே எடுக்காமல் போய், வேறு யாராவது பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஏரி நிரம்பினால் வழிந்து வெளியேறும் கலங்கல் பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும், வெயில் ஏறினால் அடிமண் வரை தெரியும். தண்ணீர் மேல் கண்ணைக் கூசும் ஒளியைத் தடுக்கிற போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ரீலை விட அதுதான் முக்கியம். குளத்து மீனுக்கு ரீல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பத்தடி மூங்கில், மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு), 10ஆம் நம்பர் முள், போதும்.

நான் பார்த்தது இது. ஒரு ஜிலேபி மீன் (திலாப்பியா) மாட்டியதும் கூட்டம் சட்டென்று விரிகிறது, பயத்தில் ஓடுவதெல்லாம் இரண்டு முழம்தான். பிறகு நாலைந்து மீன்கள் திரும்பி, மாட்டிய மீனின் பின்னாலேயே வருகின்றன. அது தலையை உதறும்போது வாயோரம் உதிர்கிற மாவுத் துகளைப் பொறுக்குகின்றன. அவற்றின் கண்ணுக்கு அது மாட்டிக்கொண்ட மீனாகத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன். எதையோ கடித்து இழுத்துத் தின்கிற மீனாகத்தான் தெரிகிறது. இன்னொருத்தன் சாப்பிடுகிறான் என்றால் நாமும் போய்ப் பார்ப்போம் என்கிற புத்திதான்.

படி 2: கூட்டத்துக்குக் குறுக்கே இழுக்காதீர்கள்

மாட்டியதும் கம்பை நேரே வானத்துக்குத் தூக்குவதுதான் எல்லோரும் செய்வது. மீன் மேலே வந்து படபடவென்று அடிக்கும். மீனின் உடம்பில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுகிறதே, தண்ணீரின் அதிர்வு அதன் வழியாகத்தான் தெரிகிறது, ஆகவே அந்த அடி சுற்றியிருக்கும் எல்லா மீனுக்கும் போய்ச் சேரும். கம்பைத் தாழ்த்தி, கூட்டம் இல்லாத பக்கமாகச் சாய்த்து, தண்ணீருக்குள்ளேயே மீனை நகர்த்திக் கொண்டுபோங்கள். கரைக்கு வந்ததும் அத்தாங்கால் (பிடி வைத்த சின்ன கை வலை) கோருங்கள். அத்தாங்கு இல்லாமல் தங்கூசியைப் பிடித்துத் தூக்கினால் உதடு கிழிந்து மீன் நழுவும், கிழிந்த உதட்டோடு அது நேராகக் கூட்டத்துக்குள்தான் போகும்.

படி 3: செதில்

நான் இரண்டு வருஷம் சறுக்கிய இடம் இதுதான்.

வீட்டில் செதில் எடுத்தால் சமையலறை முழுக்கப் பறக்கிறது என்று அம்மா திட்டுவார். அதனால் மீன் மாட்டிய கையோடு, அடுத்தது கடிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று, காலடியிலேயே கல்லில் தேய்த்துச் செதில் எடுத்து அதே தண்ணீரில் அலசிவிடுவேன். வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் தக்கைப் பக்கம் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே, ஏன் இன்னும் கடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பேன்!

பெரியவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "தம்பி, இங்கயே கழுவாதப்பா. மதகுக்கு அந்தாண்ட வாய்க்கால்ல போய்க் கழுவு."

"ஏன்யா, ரத்தம் பட்டா மீன் வரும்னுதானே சொல்வாங்க?"

"அது கடல்ல. கெண்டை ஓடிப்போயிடும்."

அவருக்குக் காரணம் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அந்தப் பரிசுக்கு வெகு காலம் முன்பே, 1938இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மின்னோ என்று ஒரு சின்ன மீன், நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். காயம்பட்ட மின்னோ ஒன்றைக் கூட்டத்துக்குள் விட்டதும் மற்றவை ஒடுங்கிச் சிதறி ஓடின. தோலை அரைத்த சாற்றைத் தண்ணீரில் விட்டாலே அந்த விளைவு வந்தது. அதற்கு ஜெர்மன் மொழியில் ஷ்ரெக்ஸ்டாஃப் என்று பேர் வைத்தார், பயமூட்டும் பொருள் என்று அர்த்தம். மீன் நினைத்தால் அதை வெளியே விட முடியாது, தோல் கிழிந்தால்தான் வரும். முள் உதட்டில் குத்துவது ஒரு புள்ளிக் காயம். கல்லில் தேய்த்துச் செதில் எடுப்பது உடம்பு முழுக்கக் காயம். நான் ஒவ்வொரு மீனுக்கும் ஏரி முழுக்கத் தண்டோரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கெண்டை, ரோகு, கட்லா, கெளுத்தி எல்லாம் இந்தப் பயம் வலுவாக இருக்கிற வகை. ஜிலேபி அந்த வகையில் சேராது, என் அனுபவத்தில் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். அதனால்தான் ஜிலேபி மட்டும் பிடிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

படி 4: பிடித்த மீனை எங்கே வைப்பது

செவுள் வழியாகக் கயிறு கோத்து அதே இடத்தில் தண்ணீரில் கட்டிப்போடாதீர்கள், ரத்தமும் தோலும் அங்கேயே கரையும். மூடி போட்ட வாளி, இல்லையென்றால் நனைத்த சாக்கு. சின்ன மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், ஈரக் கையால் பிடித்து, முப்பது நாற்பது அடி தள்ளிப் போய் விடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, கொறடால் நசுக்கிவிட்டால் கழற்றும்போது கிழியாது. மீன் நழுவிவிடும் என்பார்கள். தங்கூசி தளராமல் பிடித்தால் நழுவாது.

கடலில் கதை தலைகீழ்

கடலூர்ப் பக்கம் ஒரு தடவை ஃபைபர் படகில் போனபோது நண்பருக்கு ஒரு பாறை மீன் மாட்டியது. மேலே வர வர, அதன் பக்கத்திலேயே இன்னும் மூன்று பாறை, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. படகோட்டி அண்ணன், "அத தூக்காத, அப்படியே வச்சிரு" என்று கத்திக்கொண்டே என் கையில் இன்னொரு தூண்டிலைத் திணித்தார். மாட்டிய மீனுக்குப் பக்கத்தில் போட்டதும் அடுத்தது பாய்ந்து பிடித்தது. வேட்டையாடுகிற கூட்ட மீன்களுக்கு, தோழன் உதறுகிறான் என்றால் இரை இருக்கிறது என்று அர்த்தம். போதாததற்கு மாட்டிய மீன் சில சமயம் தின்ற சிறு மீனைக் கக்கும். ஆகவே அங்கே மாட்டியதைக் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே வைத்திருப்பது நல்லது. ரொம்ப நேரம் வைத்தால், கூரிய பல் கொண்ட சீலா மீன் வந்துவிடும். எங்கள் மூன்றாவது மீனில் தலை மட்டும்தான் வந்தது, கழுத்துக்குக் கீழே கத்தியால் வெட்டின மாதிரி.

பிற்சேர்க்கை 1: விரால் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிந்தால், கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். தவளை பொம்மையைப் போட்டால் பசிக்காக அல்ல, கோபத்தில் பாய்ந்து கடிக்கும், ஆகவே பிடிப்பது சுலபம்தான். ஆனால் காவல் போனதும் மற்ற மீன்கள் குஞ்சுகள் மேல் விழும். நான் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

பிற்சேர்க்கை 2: செதில் எடுக்கவில்லை, ஆனாலும் கெண்டை நின்றுவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தால், மீனைக் கழற்றிய அதே கையால் மாவு உருட்டுகிறாராம். அந்த வழுவழுப்பு அப்படியே மாவில் ஏறும். இடது கை மீனுக்கு, வலது கை மாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கெளுத்தியை மட்டும் எந்தக் கையாலும் நேரடியாகப் பிடிக்காதீர்கள், துணி போட்டுப் பிடியுங்கள். அதன் துடுப்பு முள் குத்தினால் அன்றைக்கு மாவு உருட்ட எந்தக் கையும் இருக்காது.