உள்ளூர் கேபிள் சேனலுக்கு ஒரு நாள் நிகழ்ச்சிப் பட்டியல் போடுவது எப்படி?

உள்ளூர் சேனல் தொடங்குகிற நிறைய பேர் கேமரா, எடிட்டிங், லோகோ என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, எந்த நேரத்தில் எதை ஓட்டுவது என்பதை மட்டும் கடைசி நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதை முதலில் செய்யுங்கள். கும்பகோணம் மாதிரி ஒரு டெல்டா ஊரை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பெரிய தாளில் காலை 5 மணி முதல் மறுநாள் காலை 5 மணி வரை அரைமணிக் கட்டங்கள் போடுங்கள், 48 வரும். நிகழ்ச்சிப் பெயர் எதையும் இப்போதே எழுத வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார், அவர் கை என்ன வேலையாக இருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். பட்டியலின் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும், நிஜமாகவே சொல்கிறேன்.

காலை 5 முதல் 6:30 வரை பக்தி. மார்கழியில் திருப்பாவை நாளுக்கு ஒரு பாட்டு என்று வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாட்டு 30, ஆனால் சில ஆண்டுகளில் மாதம் 29 நாளிலேயே முடிந்துவிடும், கடைசி நாளுக்கு இரண்டு பாட்டு தயாராக இருக்கட்டும். ரமலான் மாதத்தில் சஹர், இஃப்தார் நேரங்களைத் திரையின் கீழே ஓடவிடுங்கள்.

6:30 முதல் 9 வரைதான் உங்கள் சேனலின் உயிர். அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து டிவி பார்ப்பதில்லை, அடுப்படியிலிருந்தும் குளியலறை வாசலிலிருந்தும் காதால் கேட்கிறார்கள். அதனால் படத்தை நம்பாமல் குரலை நம்புங்கள். இன்றைக்கு எந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை, மார்க்கெட்டில் தக்காளி, வெங்காயம் என்ன விலை, மேட்டூர் நீர்மட்டம் 120 அடியில் இன்று எத்தனை, கல்லணையிலிருந்து காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதையெல்லாம் பத்து நிமிடத் தொகுப்பாக்கி அரைமணிக்கு ஒரு தடவை திரும்பச் சொல்லுங்கள். குறிப்பாக வழக்கமாக மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டிய வாரங்களில் விவசாயி வேறு எதற்காகவும் உங்கள் சேனலுக்கு வரமாட்டார், இதற்கு வருவார். திரை மூலையில் பெரிதாக ஒரு கடிகாரம் வையுங்கள், பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற அம்மாக்கள் அதற்காகவே சேனலை மாற்றாமல் விடுவார்கள்.

மின்தடை விஷயத்தை அறிவிப்போடு விட்டுவிடாதீர்கள். ஊரில் பாதிக்குக் கரண்ட் இல்லாத நாளில் அந்தப் பகல் நேரத்தில் புதிய நிகழ்ச்சியை ஓட்டுவது வீண். அன்று பகலில் பழையதை ஓட்டிவிட்டு, புதியதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

பகல் 10 முதல் 1 வரை சமையல், அரசு மருத்துவமனை டாக்டருடன் பேச்சு, கைத்தொழில். மதியம் பழைய நிகழ்ச்சிகளின் மறுஒளிபரப்பு. சினிமாவும் சினிமாப் பாட்டும் போடுவதாக இருந்தால் முறையாக உரிமை வாங்கியிருக்க வேண்டும், ஏ சான்று பெற்ற படம் டிவியில் கூடவே கூடாது. நாலரை மணிக்குப் பிள்ளைகள். பொதுத்தேர்வு நெருங்கும்போது உள்ளூர் ஆசிரியர் ஒருவரை வைத்துக் கணக்குப் பாடம் போடுங்கள்.

சரி, இரவுக்கு வருவோம். 7 முதல் 10 வரை பெரிய சேனல்களின் சீரியல்களோடு மோதாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் சிறந்த நிகழ்ச்சியை வைத்தால் அதைத்தான் இழப்பீர்கள். உள்ளூர்ச் செய்தியை 6:30-க்கு முடியுங்கள், அதையே 10 மணிக்குத் திரும்பப் போடுங்கள், கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிடுகிறவர் அப்போதுதான் பார்ப்பார். நடுவில் கோயில் திருவிழாப் பதிவு, கபடி, பட்டிமன்றம் என்று பாதியில் வந்தாலும் புரிகிற மாதிரியானவை.

நேரலை வைத்தால் அதற்கு அடுத்த அரைமணியைக் காலியாக விடுங்கள். தேர் எப்போது நிலைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாசி மகத்துக்கே இப்படி என்றால் 2028-இல் வரப்போகிற மகாமகத்துக்கு அன்றைய பட்டியலையே நெகிழ்வாகத்தான் போட வேண்டும்.

அப்புறம் விளம்பரக் கணக்கு. மணிக்கு 12 நிமிடம்தான் விதி அனுமதிக்கிறது, அதில் சொந்த நிகழ்ச்சிக்கான முன்னோட்டம் 2 நிமிடமும் அடக்கம். அரைமணி நிகழ்ச்சி என்றால் குறைந்தது 24 நிமிடச் சரக்கு வேண்டும். தொடக்கத்தில் அவ்வளவு விளம்பரம் கிடைக்காது, ஆகவே 26 நிமிடம் எடுங்கள். மிச்சத்துக்கு ஊரின் பழைய புகைப்படங்கள், ரத்ததான அறிவிப்பு என ஒரு நிமிடத் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி சரியாக அரைமணியில் தொடங்குவது ரொம்ப முக்கியம், 7:33-க்குத் தொடங்குகிற சேனலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஜவுளிக்கடை விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக அலறாதபடி ஒலியளவைச் சமப்படுத்துங்கள், அலறினால் ரிமோட்டை எடுத்துவிடுவார்கள்.

48 கட்டங்களையும் புதிதாக நிரப்ப ஆசைப்படாதீர்கள். சின்னக் குழுவால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் புதியதாகத் தர முடிந்தாலே பெரிய காரியம். மறுஒளிபரப்பை ஏழெட்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். காலை 10 மணி நிகழ்ச்சி மாலை 5:30-க்கு வந்தால் வேலைக்குப் போய் வந்தவருக்கு அது புதியதுதான். நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய தொகுப்பு மொத்தமும் தானாக ஓடட்டும்.

இந்தப் பட்டியலைக் குறைந்தது மூன்று மாதம் மாற்றாமல் வையுங்கள். தினமும் காலையில் நேற்று போட்ட திட்டத்தையும் உண்மையில் ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் இரண்டு நிமிடம் தள்ளியது என்று குறித்து, அன்றைக்கே அந்த நிகழ்ச்சி எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.