பழைய ஃபோர்ட்ரானை வீட்டுக் கணினியில் தொகுத்தல்: 72 கட்டங்களுக்குள் ஒரு மழைக் கணக்கு

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மழைமானியைப் பார்த்து நாள்தோறும் அங்குலக் கணக்கில் எழுதப்பட்ட பழைய கொப்பியொன்றும், அதை மில்லிமீற்றருக்கு மாற்றுவதற்காக ஃபோர்ட்ரான் 77 என்ற நிரல்மொழியில் தட்டெழுதப்பட்ட இரண்டு பக்கச் செய்நிரலொன்றும் அண்மையில் என் கைக்கு வந்தன. செய்நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் தொகுப்பானை நிறுவுவது சிறு வேலைதான். எந்த எழுத்து வரியின் எந்தக் கட்டத்தில், அதாவது இடமிருந்து எத்தனையாவது இடத்தில், நிற்க வேண்டும் என்பதில்தான் என் இரண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன.

நான் எடுத்த தொகுப்பான் ஜிஃபோர்ட்ரான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள், கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிஃபோர்ட்ரான்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் போதும். விண்டோஸ் கணினியில் அதன் லினக்ஸ் துணைத்தொகுதியை நிறுவிவிட்டு இதையே செய்யலாம். ஒருமுறை இறக்கிய பின் இணையம் தேவைப்படாது என்பது, சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்பவர்களுக்குச் சிறிய ஆறுதல்.

இனிக் கட்டங்கள். ஐபிஎம் 704 கணினிக்காக ஜோன் பேக்கஸ் குழுவினர் 1957 இல் வெளியிட்ட இம்மொழி, 80 கட்டங்கள் கொண்ட துளை அட்டைகளில் எழுதப்பட்டது; அட்டை மறைந்த பின்னும் அதன் அளவு மொழியில் தங்கிவிட்டது. முதல் ஐந்து கட்டங்கள் கூற்றின், அதாவது நிரலின் ஒரு கட்டளையின், இலக்கத்துக்கு உரியவை. முதற்கட்டத்தில் ‘சி’ எழுத்து இருந்தால் அந்த வரி முழுவதும் வெறும் குறிப்பு. ஆறாம் கட்டத்தில் வெற்றிடமோ பூச்சியமோ அல்லாத எந்த எழுத்து இருந்தாலும், அது முந்தைய வரியின் தொடர்ச்சியாகக் கொள்ளப்படும். கூற்று 7 ஆம் கட்டத்திலிருந்து 72 ஆம் கட்டம் வரை நிற்கும். மீதி எட்டும் அட்டையின் வரிசை எண்ணுக்காக விடப்பட்டவை என்பதால், அங்கே எழுதுவதைத் தொகுப்பான் படிப்பதேயில்லை.

ஆகவே முதலில், நிரலைத் தட்டெழுதும் உரைத் தொகுப்பியைச் (தொகுப்பான் வேறு) சரிசெய்துகொள்ளுங்கள். நான் பயன்படுத்துவது ஜீனி. அதில் தாவல் விசைக்குப் பதிலாக வெற்றிடங்கள் பதியுமாறு அமைத்து, நீள்வரிக் குறியை 72 இல் வைக்க வேண்டும். அதன் அடிப்பட்டை கட்டங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால், 7 ஆம் கட்டத்தில் நிற்கும்போது 6 என்றே காட்டும். இதைக் கவனிக்காமல் நான் ஆறாம் கட்டத்துக்குரிய தொடர்ச்சிக் குறியை ஏழாம் கட்டத்திலேயே எழுதிக்கொண்டு போனேன். தமிழில் செய்தி அச்சிட விரும்புவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: தொகுப்பான் எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8 முறையில் ‘மழை’ என்ற சொல் ஒன்பது பைட்டுகளைப் பிடிப்பதால், திரையில் குறுகித் தெரியும் வரிகூட எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

கோப்பின் பெயர் புள்ளி எஃப் என முடிந்தால் தொகுப்பான் இக்கட்ட ஒழுங்கை எதிர்பார்க்கும். எஃப்90 என முடிந்தால் கட்டுப்பாடற்ற புதிய வடிவத்தை எதிர்பார்க்கும். பழைய செய்நிரலுக்கு இரண்டாவதைச் சூட்டிவிட்டு, வரிசையாக வரும் பிழைகளைக் கண்டு மொழியையே நோவது வீண். முனையத்தில் ஜிஃபோர்ட்ரான், கோப்பின் பெயர், கழித்தல் குறியுடன் சிறிய ‘ஓ’, வெளியீட்டுக்கு விரும்பும் பெயர் என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். அத்துடன் கழித்தல் குறியிட்டு ‘டபிள்யூ-ஆல்’ விருப்பத்தையும், இடையில் கோடின்றிப் பெரிய டபிள்யூவும் சிறிய எழுத்தில் ஆலுமாக, சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 72 ஐத் தாண்டிய பகுதி எந்த எச்சரிக்கையுமின்றி வெட்டப்படும்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாறிகளாக, அதாவது மதிப்புகளைச் சேமிக்கும் பெயர்களாக, வைப்பவர்களுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. வகை குறிப்பிடப்படாத மாறியின் முதலெழுத்து ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளில் ஒன்றானால், அது தசமப் பகுதியை ஏற்காத முழுவெண் மாறி. ‘நாள்’ என்பது என் எழுத்தில் தொடங்குவதால் சிக்கலில்லை. ஆனால் எம் எழுத்தில் தொடங்கும் ‘மழை’க்கு 2.35 அங்குலத்தை ஒப்படைத்தால் அதில் 2 மட்டுமே மிஞ்சும், 25.4 ஆல் பெருக்கும்போது 59.69 மில்லிமீற்றருக்குப் பதிலாக 50.8 வரும். இரண்டும் எங்கள் மலைக்கு நம்பத்தகுந்த மழைதான் என்பதால் கண்ணில் படாது. மாறியை, தசம எண்ணுக்குரிய ‘ரியல்’ வகை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

இதே பழக்கம் இன்னொரு இடத்திலும் காப்பாற்றும். நிலைக்கட்ட வடிவத்தில் வெற்றிடங்களுக்கு மதிப்பில்லை; ஆகையால் பத்து முறை திரும்பச் செய்யச் சொல்லும் ‘டூ 10 ஐ = 1,10’ என்ற சுழற்சிக் கூற்றில் காற்புள்ளி இருக்குமிடத்தில் முற்றுப்புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்ற புதிய மாறிக்கு 1.10 ஒப்படைக்கப்பட்டு, பத்து நாள் கூட்டல் ஒரே முறை நடந்து முடியும். வகை அறிவிக்காத மாறிகளை மறுக்கும் ‘இம்ப்ளிசிட் நன்’ கூற்றை வகை அறிவிப்புகளுக்கு முன்னே வைத்தால் தொகுப்பான் அந்த வரியிலேயே நின்றுவிடும். அக்கூற்று 77 ஆம் ஆண்டுத் தரத்தில் இல்லை; ஜிஃபோர்ட்ரான் ஏற்றுக்கொள்ளும்.

தொகுத்து முடிந்ததும் புள்ளி, சாய்கோடு, வெளியீட்டுப் பெயர் என்று தட்டி இயக்குங்கள். மாதக் கணக்கு முழுவதையும் கொடுப்பதற்கு முன், கொப்பியின் இரண்டு நாட்களைக் கையால் பெருக்கிப் பார்த்து, தசமப் பகுதியும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.