கிறிஸ்துமஸ் கவிதை படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், ஆங்கிலக் குளிர்காலக் கவிதை ஒன்றிலிருந்து இரண்டு வரியை வெட்டி, மெழுகுவத்திப் படத்தில் ஒட்டி வாட்ஸப்பில் சுற்ற விட்டுவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். அந்த வெட்டில்தான் கவிதை செத்துப்போகிறது.

பனி பெய்யும் மாலையில் காட்டோரம் நிற்பதைப் பற்றி ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய கவிதையையே பாருங்கள். தூங்குமுன் இன்னும் பல மைல் போக வேண்டும் என்ற அதன் கடைசி வரி தன்னம்பிக்கைச் சுவரொட்டியாகிவிட்டது. நேரு கைப்பட எழுதி வைத்திருந்த வரிகள் என்பதால் நம் ஊரில் அதில் கடமை வாசனை கொஞ்சம் தூக்கல். கவிதையில் வரும் ஆளோ எங்கும் விரையவில்லை. யாருடைய காட்டிலோ பனி நிறைவதைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் குதிரைக்கே இது விநோதமாகப் பட்டு, சேணத்து மணியை ஆட்டுகிறது. கடைசி வரி இரண்டு முறை வரும். முதலில் அது தூரக் கணக்கு. அடுத்த முறை அதே சொற்கள் பெருமூச்சு போலக் கேட்கும். ஒன்றை மட்டும் வெட்டினால் இந்த மாற்றம் காணாமல் போகிறது. சரி, தூக்கம் என்றால் சாவுதான் என்று முடிவு கட்டுவதும் அவசரம். அந்த வாசிப்பை ஃப்ராஸ்ட் ஏற்கவில்லை. அப்புறம், பனி கொட்டுகிற ராத்திரியில் எழுதியிருப்பார் என்றும் எண்ண வேண்டாம். எழுதியது 1922 ஜூனில், வேறொரு நீண்ட கவிதைக்காக இரவெல்லாம் விழித்திருந்த பிறகு.

கடைத்தெரு சாண்டாவை மனதில் வைத்துக்கொண்டு பழைய கவிதைக்குள் போவது அடுத்த சறுக்கல். 1823 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் ட்ராய் நகரச் செய்தித்தாளில் எழுதியவர் பெயரில்லாமல் வந்த கவிதையில் புனித நிக்கோலஸ், அதாவது சாண்டா, ஒரு குட்டி உருவம். உடம்பெல்லாம் ரோமத் தோல் உடை, அதில் சாம்பலும் புகைக்கரியும். வண்டி இழுக்கும் கலைமான்கள் எட்டுதான், ஒன்பதாவதான சிவப்பு மூக்கு ருடால்ஃப் கதையில் பிறந்தது 1939இல். கிளெமென்ட் மூர் என்பவர் 1844இல் அந்தக் கவிதையைத் தன்னுடையதாகத் தன் தொகுப்பில் சேர்த்தார். இல்லை, ஹென்றி லிவிங்ஸ்டன் என்பவர் எழுதியது என்ற வாதமும் உண்டு.

கவிதையின் தேதியைப் பார்க்காமல் படிப்பதும் தவறுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நள்ளிரவில் மாடுகள் மண்டியிடும் என்ற கிராமத்து நம்பிக்கையைத் தாமஸ் ஹார்டி பாடியது பழைய நினைவின் இனிமை போலத் தெரியும். அது அச்சானது 1915 டிசம்பர் 24, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. கடைசியில் அவர் நம்புவதாகச் சொல்லவில்லை; அப்படி இருந்தால் நன்றாயிருக்குமே என்கிறார்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. நம் ‘பனி’ மார்கழிக் காலையில் கோலத்தை நனைப்பது. இயேசு பிறப்பைப் பாடும் கிறிஸ்டினா ரோசெட்டியின் 1872ஆம் ஆண்டுக் கவிதையில் வரும் பனியில் மண் இரும்பாகிறது, தண்ணீர் கல்லாகிறது. பெத்லகேமில் ஏது இவ்வளவு பனி என்று வழக்காட வேண்டாம்; அது இங்கிலாந்துக் குளிர். எல்லாவற்றுக்கும் பனி என்றே போட்டால் நம் வாசகர் மப்ளர் கட்டிக்கொள்வாரே தவிர உறையமாட்டார். எல்லா இடத்திலும் ‘வெண்பனி’ போட்டாலோ அந்தக் கவிதையில் அடுக்கடுக்காய்ப் பனி விழும் வரி இழுத்துக்கொண்டு நடக்கும். முதலிலேயே இரும்பையும் கல்லையும் அழுத்தமாக நிறுத்திவிடுங்கள். பிறகு ‘பனிமேல் பனி’ என்றாலே குளிரும்.