நோயாளிக்கு முன்பே மருத்துவமனையை எட்ட வேண்டிய தகவல்: நேரும் தவறுகள்

2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ்களில், ஓட்டுநரான பைலட்டுடன் மருத்துவ உதவியாளர் ஒருவரும் செல்கிறார். வழியில் அவர் கண்டறிவது, வண்டி வாசலுக்கு வருமுன் மருத்துவமனையை எட்டினால்தான் அங்கே ஆளும் படுக்கையும் தயாராக இருக்கும்.

முதல் தவறு, நேரம் சேர்க்காமல் எண்ணை மட்டும் சொல்வது. "ஆக்சிஜன் அளவு 96" என்றால், அது சாதாரணக் காற்றில் எடுத்ததா, முகமூடி வைத்த பிறகு எடுத்ததா என்று கேட்பவருக்குத் தெரியாது. நினைவுநிலையை 3 முதல் 15 வரை அளக்கும் (குறையக் குறைய நிலை மோசம்) கிளாஸ்கோ மதிப்பெண் 9 என்பதைவிட, பத்து மணிக்கு 13 ஆக இருந்தது இருபது நிமிடத்தில் 9 ஆகிவிட்டது என்பதே தலைக்காயம் பட்டவரின் நிலையைச் சரியாகச் சொல்லும். "சீரியஸ்" என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை.

பக்கவாதத்தில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், "எப்போது பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கை விளங்காமல் எழுந்தவர் இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்திருந்தால், கணக்கு பத்து மணியிலிருந்தே தொடங்குகிறது. அதைச் சொல்லக்கூடிய உறவினரின் கைப்பேசி எண்ணையும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும், இரத்தச் சர்க்கரை அளவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும்.

மாரடைப்பு என்று சந்தேகிக்கும்போது இ.சி.ஜி.யைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. பலர் இருக்கும் குழுவில், இன்னொருவர் பார்த்திருப்பார் என்றே ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறார்கள். நீல நிற டிக் விழுவது பதிலாகாது. பணியிலிருக்கும் மருத்துவர் ஒருவர் "பார்த்தேன், கேத் லேபைத் (இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறையை) தயார் செய்கிறோம்" என்று சொல்லும்வரை தகவல் போய்ச் சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். பன்னிரண்டு லீடுகளும் (இதயத்தை வெவ்வேறு கோணங்களில் காட்டும் பதிவுகள்), இ.சி.ஜி. எடுத்த நேரமும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பெயருக்குப் பதில் வயது, பாலினம், அந்த 108 அழைப்பின் பதிவு எண் போதும். விபத்தில் அடையாளம் தெரியாத இருவரை ஏற்றிவரும்போதும் குழப்பம் தீர்ப்பது அந்த எண்ணும், ஒருவருக்கு 1 மற்றவருக்கு 2 என்பது போன்ற வரிசைக்குறியும்தான். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தால், படம் போகும் என்று காத்திராமல், புறப்படும்போதே தொலைபேசியில் வாயால் சொல்லிவிடுவது நல்லது.

தவறு ஆம்புலன்ஸ் தரப்பில் மட்டும் இல்லை. அழைப்பை எடுத்தவர் துண்டுச்சீட்டில் குறித்துவிட்டு, ஷிப்ட் மாறும்போது சொல்லாமல் போய்விட்டால் அத்தனை உழைப்பும் வீண். அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோர் கண்ணிலும் படும் பலகையில், வண்டி வந்துசேரும் நேரத்துடன் எழுதுவதே முறை. வந்த பிறகும், ஸ்ட்ரெச்சரை மாற்றும் சந்தடியில் நாலு பேர் நாலு கேள்வி கேட்பதற்கு முன், இதயத் துடிப்பு நின்றுபோனவரைத் தவிர மற்றவர்கள் விஷயத்தில், அரை நிமிடம் அனைவரும் கையை நிறுத்தி உதவியாளர் சொல்வதைக் கேட்க வேண்டும்; கொடுத்த மருந்தையும் அளவையும் நேரத்தையும் மருத்துவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே உதவியாளரை அனுப்ப வேண்டும்.