ஊழியரின் ஊக்கம் எதில் இருக்கிறது என்று அறிவது எப்படி

நன்றாக வேலை செய்துவந்த ஒருவர் மெல்ல ஆர்வம் குன்றும்போது, மேலாளர்கள் பலரும் அவரை அழைத்து "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் சம்பள உயர்வு என்றே பதில் வருகிறது. அந்தத் தேவை உண்மையானதுதான் என்றாலும், அவருடைய சோர்வுக்கு அதுவே காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

விருப்பத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பதே சிறந்த வழி. உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த சமயத்தையும் மிகவும் மனம் நொந்த சமயத்தையும் விவரிக்கச் சொல்லி, 1959இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மகிழ்ந்த சமயங்களில் சாதனை, பாராட்டு, வேலையின் தன்மை, பொறுப்பு ஆகியவையும், நொந்த சமயங்களில் நிர்வாக விதிமுறைகள், மேற்பார்வை, சம்பளம், பணிச்சூழல் ஆகியவையும் மிகுதியாகப் பேசப்பட்டன. குறைகளைக் களைந்தால் அதிருப்தி தணியுமே தவிர ஊக்கம் தானாகப் பிறக்காது என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு.

அதே இரண்டு கேள்விகளை நீங்களும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். சம்பள உயர்வு முடிவாகும் மாதத்தில் மட்டும் கேட்காதீர்கள். அப்போது வரும் பதில் பேரமாகிவிடும். சொன்னவற்றைக் குறை, நிறை என இரு பத்திகளாக எழுதி, குறைகளை முதலில் தீருங்கள். தாமதமாக வரும் சம்பளத்தைச் சரிசெய்யாமல் மேடையேற்றிப் பாராட்டுவது ஊழியரைப் புண்படுத்தவே செய்யும். மனிதர்கள் வெற்றிக்குத் தம்மையும் தோல்விக்குச் சூழலையும் காரணமாகக் காட்டும் இயல்புள்ளவர்கள் என்பதால் ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வு விமர்சிக்கப்பட்டது. ஆகவே ஒரே பதிலை நம்பிவிடாமல், அவருடைய அன்றாட வேலையோடு பொருத்திப் பாருங்கள்.

குறைகள் தீர்ந்த பின்னும் சோர்வு நீடித்தால், விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு கைகொடுக்கும். முயன்றால் இதை முடிக்க இயலும் என்று அவர் நம்புகிறாரா, முடித்தால் சொன்ன பலன் கிடைக்கும் என்று நம்புகிறாரா, அந்தப் பலன் அவருக்கு வேண்டியதுதானா என்ற மூன்றையும் வரிசையாக விசாரியுங்கள். இவை ஒன்றோடொன்று பெருக்கப்படுவதாக வ்ரூம் கருதினார். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். முதலாவது குறைந்தால் பயிற்சியும் கருவிகளும் தேவை. இரண்டாவது குறைந்தால், நிர்வாகம் முன்பு கொடுத்த வாக்கை மீறியதா என்று தேடுங்கள். என் கருத்தில் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். மூன்றாவது குறைந்தால் பலனையே மாற்ற வேண்டும்: மாலையில் குழந்தையை அழைத்துவர வேண்டியவருக்குப் பதவி உயர்வைவிட வேலை நேர மாற்றம் பெரிதாக இருக்கலாம்.

ஒப்பீட்டையும் மறவாதீர்கள். ஊழியர் தம் உழைப்பையும் அதற்குப் பெறுவதையும் பக்கத்து இருக்கைக்காரருடன் ஒப்பிடுகிறார் என்று ஸ்டேசி ஆடம்ஸ் 1963இல் விளக்கினார். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையவரைவிட அதிகச் சம்பளம் என்றால், காரணத்தை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நியாயமான காரணம் இல்லையென்றால் வேறுபாட்டைத் திருத்துங்கள்.

உணவு, பாதுகாப்பு போன்ற அடிப்படைத் தேவைகள் பெருமளவு நிறைவேறிய பின்பே மதிப்பு போன்ற உயர்ந்த தேவைகள் எழும் என்று ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் கூறிய தேவைகளின் படிநிலையைப் பொதுவான வரைபடமாக மட்டும் கொள்ளுங்கள். அந்த வரிசை எல்லோருக்கும் மாறாதது அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

செய்த மாற்றங்களை ஊழியரிடம் தெரிவித்து, மூன்று மாதம் கழித்து அதே இரண்டு கேள்விகளை மீண்டும் கேட்டு, பழைய குறிப்புடன் ஒப்பிடுங்கள்.