சீசியத்தைப் பிடித்து வைக்கும் கலவை: எங்கிருந்து தொடங்குவது

அணுக்கழிவைப் பூட்டி வைக்கப் புதுக் கூட்டுப்பொருள் செய்யப்போவதாக யார் வந்து சொன்னாலும், "எந்தக் கழிவுக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். சீசியம்-137-இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 30 ஆண்டுதான், சில நூற்றாண்டு தாங்கினால் போதும். புளூட்டோனியம்-239-க்கு அது 24,000 ஆண்டுக்கு மேல். அதற்குக் கண்ணாடி, டைட்டனேட் பீங்கான் பக்கம் போக வேண்டும், அது வேறு கதை. இங்கே சீசியத்தை எடுத்துக்கொள்வோம்.

சாதா சிமென்டில் சீசியம் சரியாக நிற்காது, தண்ணீர் பட்டால் கிளம்பிவிடும். பிடித்துக்கொள்ள ஒன்று, சுற்றிக் கட்ட ஒன்று என இரண்டு வேண்டும். கிளினோப்டிலோலைட் என்ற ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) தன் சோடியத்தை விட்டுக்கொடுத்துச் சீசியத்தை இழுத்துக்கொள்ளும். கட்டுவதற்கு மெட்டாகயோலின் ஜியோபாலிமர், அதாவது சுட்ட கயோலின் களிமண்ணைக் காரக் கரைசலில் கலந்து இறுக வைக்கும் சிமென்ட் மாதிரியான பொருள்.

கதிரியக்கமில்லாத சீசியம் நைட்ரேட்டிலேயே தொடங்குங்கள். ஜியோலைட்டை அந்தக் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடிகட்டிக் கழுவி உலர்த்துங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் மிச்சமிருக்கும் சீசியத்தை அளந்தால்தான் உள்ளே எவ்வளவு போனது என்று தெரியும்.

அடுத்தது காரக் கரைசல். காஸ்டிக் சோடா கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறை, கண்கவசத்தோடு முந்தின நாளே கரைத்து, சோடியம் சிலிக்கேட்டும் சேர்த்து ஆறவிடுங்கள். மறுநாள் மெட்டாகயோலினைக் கட்டியில்லாமல் கலக்கி, ஜியோலைட்டைக் கடைசியாகச் சேருங்கள். வலுவான காரத்தில் நெடுநேரம் கிடந்தால் ஜியோலைட்டே கரையத் தொடங்கும். அச்சில் ஊற்றித் தட்டிக் குமிழ்களை வெளியேற்றி, மூடி வைத்து இறுகவிடுங்கள். திறந்து வைத்தால் மயிரிழை விரிசல் விழும், தண்ணீருக்கு அந்த வழி போதும்.

அப்புறம் எல்லோரும் ஓடுவது அழுத்த வலிமை பார்க்க. பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாறை மாதிரி இறுகிய கட்டியிலிருந்தும் சீசியம் சத்தமில்லாமல் வெளியேறும். கட்டி ஊறும் நீரில் எவ்வளவு சீசியம் கசிகிறது என்பதன் மேல்தான் என் கண்.

ஏஎன்எஸ் 16.1 என்ற அமெரிக்கக் கசிவுச் சோதனை முறையில், மாதிரியின் பரப்பு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 10 மில்லி அயனி நீக்கிய நீர். எல்லாப் பக்கமும் நீர் படும்படி நூலில் தொங்கவிடுங்கள். 2, 7, 24 மணி, பிறகு ஐந்தாம் நாள் வரை தினமும் நீரை முழுதாக மாற்றி, எடுத்ததை அளக்க வேண்டும். நீட்டித்தால் 90 நாள் வரை போகும். நான் நீட்டிக்கத்தான் சொல்வேன், முதல் நாள் வருவதில் பெரும்பகுதி மேற்பரப்பில் ஒட்டியிருந்தது. இந்த அளவுகளிலிருந்து கணக்கிடும் கசிவுக் குறியீட்டில் ஒன்று கூடினால், கட்டிக்குள் சீசியத்தின் பரவல் பத்து மடங்கு குறைந்தது என்று பொருள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் 6.

கதிரியக்கமில்லாத நைட்ரேட் உப்பு காட்டாத விஷயங்களும் உண்டு. நிஜ சீசியம்-137 சிதைந்து பேரியமாகும், ஒற்றை மின்னூட்டம் இரட்டையாகும். காமா கதிர் துளைகளிலுள்ள நீரைப் பிளந்து ஹைட்ரஜனை விடும். அதனால் மாதிரிகளில் பாதியை காமா கதிர் தரும் கோபால்ட்-60 வைத்திருக்கும் உரிமம் பெற்ற கூடத்தில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, வெளிவரும் வாயுவை அளந்துவிட்டு, இதே கசிவுச் சோதனையை அவற்றுக்கும் முதலிலிருந்து செய்யுங்கள்.